பரண்ல கிடைச்ச பழைய பஸ் போர்டு: எந்த காலத்துது, துடைக்கலாமா, விக்கலாமா

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பேரணாம்பட்டுல தாத்தா வீட்டை இடிக்கறதுக்காக பரணை காலி பண்ணப்போ ரெண்டு போர்டு கிடைச்சிருக்கு. ஒண்ணு தகரம், மஞ்சள் அடிச்சு செவப்பு எழுத்துல "வேலூர் - திருவண்ணாமலை, வழி கண்ணமங்கலம், போளூர்"னு இருக்கு. இன்னொண்ணு எனாமல், நீலத்துல வெள்ளை எழுத்து, "பஸ் நிற்குமிடம்". பெங்களூர்ல ஒருத்தர் போட்டோவ பாத்துட்டு ரெண்டையும் கேக்கறாரு, தகர போர்டை புதுசா பெயின்ட் பண்ணி குடுத்தா இன்னும் ரெண்டாயிரம் சேத்து தர்றேன்றாரு. காட்பாடி பக்கம் ஒரு காயலாங்கடையில ரயில்வே போர்டு ஒண்ணும் பாத்து வச்சிருக்கீங்க, அத வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. கடைசி வரில "எவ்ளோ போகும்"னு முடிச்சிருந்தாலும் நடுவுல ஒரு வரி இருக்கு பாருங்க, "தாத்தா பஸ்ல செக்கரா இருந்தவர், இத தூக்கி போட மனசு வரல"ன்னு, அதான் கேள்வின்னு எனக்கு தோணுது. இது நெஜமாவே பழசா, எந்த காலத்துது, கெடுக்காம எப்படி வச்சிக்கறது. விலைய பத்தியும் சொல்றேன், ஆனா கடைசில.

நான் 1978ல பள்ளிக்கூடத்த விட்டுட்டு வேலூர் லாங்கு பஜார் பக்கத்துல ஒரு ஆர்ட்ஸ் கடையில சேந்தவன். அதுல இருந்து 28 வருஷம் பிரஷ்தான் சோறு போட்டுச்சு. கடை போர்டு, சுவர் விளம்பரம், லாரி பின்னாடி எழுத்து எல்லாமே எழுதிருக்கேன், ஆனா பாதி வேலை பஸ் போர்டுதான், தனியார் பஸ்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவ எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓட தகுதியா இருக்குன்னு வாங்கற சான்றிதழுக்கு, வண்டிய ரெடி பண்றப்போ பாடிக்கு பெயின்ட் அடிக்கறதோட போர்டையும் கழட்டி நம்ம கடைல இறக்கிட்டு போவாங்க, ரெண்டு நாள்ல எழுதி குடுக்கணும். ஸ்டிக்கர் கட்டிங்கும் பிளக்ஸும் வந்ததுக்கு அப்பறம் வேலை கொறஞ்சுது. அப்ப ஒரு நாள் காயலாங்கடையில என் கையால எழுதின ஆரணி போர்டு எடைக்கு கெடந்துச்சு, அத தூக்கிகினு வந்ததுதான் ஆரம்பம். இப்ப சத்துவாச்சாரில வீட்டு மாடி ரூம்ல எழுவது போர்டு கிட்ட இருக்கு. அதனால தகரம், பெயின்ட், எழுத்து இது மூணையும் பத்தி நான் சொல்றது கைல பண்ணி தெரிஞ்சது, தைரியமா எடுத்துக்கலாம். எனாமல் நான் செஞ்சதில்ல, வாங்கி வாங்கி, ஒரு தடவ ஏமாந்து கத்துகிட்டது. சட்டம் பத்தி சொல்றது படிச்சும் கேட்டும் தெரிஞ்சது, பெரிய விஷயமா இருந்தா வக்கீல ஒரு வார்த்த கேட்டுக்கங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த தகர போர்டுக்கு புதுசா பெயின்ட் அடிக்காதீங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க. நான் ஒரு தடவ அந்த தப்ப பண்ணவன். குடியாத்தம் போர்டு ஒண்ணு கிடைச்சுது, கடையில எனக்கு தொழில் கத்துக்குடுத்த வாத்தியாரோட எழுத்துன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுது, அவரோட "கு"ல கீழ வர்ற சுழிய வேற யாரும் அப்படி போட மாட்டாங்க. மேல டீசல் கறை படிஞ்சு எழுத்து மங்கலா இருக்கேன்னு தின்னர்ல துணிய நனைச்சு லேசா ஒரு துடை துடைச்சேன். அழுக்கு போகல, எழுத்து வந்துடுச்சு. துணில செவப்பா "குடி" இருந்துச்சு, போர்டுல இல்ல. வாத்தியார் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தவறிட்டாரு. நாற்பது அம்பது வருஷ பெயின்ட் காஞ்சு பொடி ஆயிருக்கும், அத தகரத்தோட புடிச்சிகினு இருக்கறது மேல அடிச்ச வார்னிஷ் மட்டும்தான், தின்னர் பட்டா அது ஒரு நொடி தாங்காது. நம்ம ஊர்ல இன்னைக்கும் நல்லா எழுதறவங்க இருக்காங்க, ஆனா அவங்க எழுதினா அது அவங்க போர்டு ஆயிடும், தாத்தா கைல இருந்த போர்டு உள்ள போயிடும்.

இப்ப எந்த காலம்னு பாக்கறது. உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், போர்டுல "திருவண்ணாமலை" இருக்கு. நம்ம பக்கத்து ஊர் பேர்லயே காலம் கண்டுபிடிக்க இத விட நல்ல பேர் கிடையாது, ஏன்னா அதுல "ணா"வும் இருக்கு "லை"யும் இருக்கு. 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர். ஆட்சில எழுத்து சீர்திருத்தம்னு அரசாணை போட்டாங்க, பெரியார் ரொம்ப வருஷமா சொல்லிகினு இருந்தது. மொத்தம் 13 எழுத்து மாறிச்சு. அதுக்கு முன்னாடி "லை"ன்னா இப்ப மாதிரி கொம்பு தனியா முன்னாடி நிக்காது, "ல" தலைமேல யானை தும்பிக்கை தூக்கின மாதிரி வளைஞ்சு ஏறும். ணை, ளை, னை எல்லாமே அப்படித்தான். "ணா"வுக்கு கால் தனியா கிடையாது, "ண"வோட கடைசி கோடே கீழ எறங்கி சுழிச்சிக்கும், "றா", "னா"வும் அதே கதை. உங்க ஊர் பேரணாம்பட்டுலயும் "ணா" இருக்கு, அணைக்கட்டுல "ணை" இருக்கு, பொன்னை, சென்னை ரெண்டுலயும் "னை" இருக்கு. இந்த பேர் வர்ற போர்டெல்லாம் தேதி போட்ட மாதிரிதான். ஆரணி, போளூர், ஆம்பூர், வாணியம்பாடில ஒண்ணும் தெரியாது, அதுல மாறின எழுத்தே இல்ல.

ஆனா இங்க ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும், சேக்கறவங்க நெறைய பேர் தப்பு பண்றது இங்கதான். தும்பிக்கை இருந்தா 78க்கு முன்னாடின்னு அடிச்சு சொல்லிடறாங்க. அது கிடையாது. நான் கடையில சேந்ததே அந்த அரசாணை வந்த வருஷம். எங்க வாத்தியார் 90கள் வரைக்கும் பழைய எழுத்துதான் எழுதினாரு. பிடிவாதம்னு கூட சொல்லலாம், ஆனா அதுல ஒரு தொழில் கணக்கு இருந்துச்சு. போர்டு அகலம் பஸ்காரர் குடுக்கறதுதான், நாம நீட்ட முடியாது. "திருவண்ணாமலை"ன்னு புது எழுத்துல எழுதுனா ஒரு காலும் ஒரு கொம்பும் தனித்தனியா எடம் கேக்கும், எழுத்த ஒல்லியாக்கணும், ஒல்லியாக்குனா தூரத்துல இருந்து தெரியாது. "இன்னாடா, பஸ்ஸு வர்றது தெரியணுமா, கவர்மென்ட் ஆர்டர் தெரியணுமா"ன்னு கேப்பாரு. அதனால பழைய எழுத்து இருந்தா "78க்கு முன்னாடியா இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம்"னு மட்டும் வச்சிக்கங்க. புது எழுத்து இருந்தாதான் உறுதியா பேசலாம், பஸ் போர்டுல புது எழுத்துன்னா அது 78க்கு அப்பறம்தான். நீங்க அனுப்பின போட்டோல "லை" பழசு, "ணா" புதுசு. இது ரொம்ப சுவாரசியமான கலவை, 80கள்ல பழைய ஆளுகிட்ட கத்துகிட்டு புதுசுக்கு பாதி மாறின கை எழுதினது மாதிரி இருக்கு, இது என் யூகம்தான், சத்தியம் பண்ண மாட்டேன்.

இன்னொரு வழி இருக்கு, நீங்களே இன்னைக்கு ராத்திரி பண்ணி பாக்கலாம். ரூம்ல லைட்ட அணைச்சிட்டு போர்ட மேஜை மேல படுக்க வச்சு, டார்ச்ச போர்டோட மட்டத்துக்கு எறக்கி பக்கவாட்டுல இருந்து அடிங்க. நேரா அடிக்கக்கூடாது, வெளிச்சம் போர்டு மேல வழுக்கிகினு போகணும். மஞ்சளுக்கு அடியில பழைய எழுத்தோட மேடு தெரியும். ஏன்னா எஃப்.சி.க்கு வர்ற போர்ட யாரும் சுரண்டி எடுத்துட்டு எழுத மாட்டாங்க, அவ்ளோ நேரம் கிடையாது, லேசா உப்புத்தாள் போட்டு மேலயே மஞ்சள் அடிச்சு, காஞ்சதும் சாக்பீஸ் தூள் தடவின நூல புடிச்சு ரெண்டு கோடு அடிச்சு, அதுக்குள்ள எழுதிடுவோம். அடியில இருக்கற எழுத்து பெயின்ட் கனத்துல அப்படியே நிக்கும். என்கிட்ட ஒரு போர்டு இருக்கு, மேல "வேலூர் - ஆரணி"ன்னு இருக்கும், டார்ச் அடிச்சா அடியில "செய்யாறு" எழுந்து வரும், அதுக்கும் அடியில இன்னொரு ஊர் பாதி தெரியுது, "பட்டு"ன்னு முடியுது, அது சேத்துப்பட்டா பேரணாம்பட்டான்னு பத்து வருஷமா பாத்துகினு இருக்கேன். அந்த வண்டி எந்தெந்த ரோட்ல ஓடிச்சோ அத்தனையும் அந்த ஒரு தகரத்துல இருக்கு. உங்க போர்டுலயும் ஓரத்துல பெயின்ட் பெயர்ந்த எடத்துல மஞ்சள், வெள்ளை, மறுபடி மஞ்சள், அடியில துருவுக்காக முதல்ல அடிக்கற ரெட் ஆக்சைடுன்னு அடுக்கு தெரியுது. பெங்களூர்காரர் சொல்றபடி தேய்ச்சு புதுசா அடிச்சா இது அத்தனையும் போயிடும், இதுக்குத்தான் அவ்ளோ அழுத்தி சொன்னேன்.

தேதி கண்டுபிடிக்க வேற சில வார்த்தைகளும் உதவும். "வட ஆற்காடு மாவட்டம்"னு வெறுமனே இருந்தா 1989க்கு முன்னாடி, அந்த வருஷம்தான் திருவண்ணாமலை தனியா பிரிஞ்சுது. "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்"னு இருந்தா அதுக்கப்பறம் கொஞ்ச வருஷம் மட்டும்தான், 90கள்லயே வேலூர் மாவட்டம்னு ஆயிடுச்சு. அந்த குறுகின காலத்து போர்டு கிடைக்கறது கஷ்டம், எங்கயாவது பாத்தா விடாதீங்க. அரசு பஸ்ஸா இருந்தா போக்குவரத்துக் கழகத்து பேர பாருங்க. வேலூர தலைமையிடமா வச்சிருந்த பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் 80கள்ல வந்தது, அதுக்கு முன்னாடி நம்ம பக்கம் தந்தை பெரியார் கழகத்துல இருந்துச்சு. 1997ல தலைவர்கள் பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம்னு ஒரே பேரா மாத்திட்டாங்க. கட்டண போர்டா இருந்தா இன்னும் சுலபம், அணா போட்டிருந்தா 1957 ஏப்ரல் முதல் தேதிய ஒட்டியோ அதுக்கு முன்னாடியோ, நயா பைசான்னு இருந்தா 57ல இருந்து 64 வரைக்கும், அதுக்கப்பறம் வெறும் பைசா. மைல் போட்டிருந்தா 60களோட ஆரம்பத்துக்கு முன்னாடின்னு சொல்லலாம், ஆனா கிராமத்து பக்கம் அதுக்கப்பறமும் மைல்ல எழுதிருக்காங்க. பஸ் கம்பெனி விலாசத்துல ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்கு அப்பறம். வண்டி நம்பர் டிஎன் 23ன்னு இருந்தா 1989க்கு அப்பறம். இங்கிலீஷ்ல மெட்ராஸ்னு இருந்தா பெரும்பாலும் 1996க்கு முன்னாடி. தமிழ்ல அது எப்பவுமே சென்னைதான், அதுல ஒண்ணும் தெரியாது, "னை"ய பாத்தாதான் உண்டு.

சித்தூர் ரூட் போர்ட பத்தி ஒண்ணு சொல்லணும், கேள்விக்கு வெளில போறேன், பரவால்ல. அந்த ரூட் வண்டிக்கு தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதணும். எங்க கடையில யாருக்கும் தெலுங்கு படிக்க தெரியாது, ஆனா வேலூரு, சித்தூருன்னு தெலுங்குல கண்ண மூடிகினு எழுதுவோம், வாத்தியார் ஒரு அட்டைல எழுதி ஆணில மாட்டி வச்சிருந்தாரு. 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்கு தலைமையிடமே சித்தூர்தான், அப்பறம்தான் அது தனி ஜில்லாவா போச்சு. ரெண்டு மொழி போர்டு இன்னும் சித்தூர் பக்கம் காயலாங்கடைல எடைக்கு கெடைக்குது, யாரும் மதிக்கறதில்ல. என்னை கேட்டா எனாமல விட அதத்தான் சேக்கணும்னு சொல்வேன். அதே மாதிரி காட்பாடி - பாகாயம் ஓடற 1, 2 டவுன் பஸ்ஸோட நம்பர் தகடு, ஊர் பேர் கூட இருக்காது, ஒத்த நம்பர் மட்டும்தான், வேலூர்காரனுக்கு அந்த நம்பரே போதும்.

இனி எனாமல். தகரத்து மேல கண்ணாடி தூள் மாதிரி ஒண்ண பூசி, சூளைல 800 டிகிரி பக்கம் சுட்டு உருக்கி ஒட்ட வைக்கறதுதான் எனாமல். முதல்ல கருப்பா கருநீலமா ஒரு அடி கோட்டு, அதுக்கு மேல ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி சூடு. அதனால ஒரிஜினல்ல எழுத்தோட ஓரத்துல நகத்த வச்சு இழுத்தா சின்னதா படி தட்டும். சொத்தையா பெயர்ந்த எடத்துல பாத்தா மேல கலர், அடியில கருப்பு வளையம், நடுவுல துரு புடிச்ச இரும்பு, கண்ணு மாதிரி இருக்கும். பின்பக்கமும் எனாமல் இருக்கணும், வெறும் தகரமா இருந்தா சந்தேகப்படுங்க. எல்லாத்தையும் விட முக்கியம் ஆணி ஓட்டை. சூளைக்கு போறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டுடுவாங்க, அதனால எனாமல் ஓட்டையோட உள் ஓரம் வரைக்கும் வழிஞ்சு உருண்டு இருக்கும், ஆணிய முறுக்கின எடத்துல சுத்தி நட்சத்திரம் மாதிரி வெடிச்சிருக்கும். சுட்டதுக்கு அப்பறம் டிரில் போட்ட ஓட்டைல வெட்டு கூர்மையா, இரும்பு நேரா தெரியும்.

நான் ஏமாந்தது இந்த ஓட்டையிலதான். வெளியூர்ல ஒரு பழம்பொருள் கடை, பேர் வேணாம், பஸ் ஸ்டாப் போர்டு ஒண்ணு, அழகா துரு, ஓரமெல்லாம் சிதைஞ்சு, பாத்த ஒடனே மயங்கிட்டேன். வீட்டுக்கு வந்து வெயில்ல வச்சு பாத்தா துரு எல்லா எடத்துலயும் ஒரே கலரு, ஒரே ஆழம். நெஜமான துருவுக்கு ஒரு தெசை உண்டு, மழை மேல இருந்து எறங்கும், ஆணிக்கு கீழதான் கண்ணீர் வழிஞ்ச மாதிரி கோடு இருக்கும், மேல் ஓரம் ஒரு மாதிரி, கீழ் ஓரம் ஒரு மாதிரி இருக்கும். இது ஆசிட்ல முக்கி எடுத்தது. ஓட்டை நாலும் டிரில். அதுல இருந்து எந்த எனாமலா இருந்தாலும் முதல்ல பின்பக்கம், அப்பறம் ஓட்டை, கடைசிலதான் முன்பக்கம். உங்க "பஸ் நிற்குமிடம்" பரண்ல இருந்து வந்தது, கடையில இருந்து வரல, அதனால போலியா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி. போட்டோல இடது பக்க ஓட்டைக்கு கீழ ஒரு பழுப்பு கோடு எறங்குது, அது எனக்கு நல்ல அறிகுறியா படுது. ஆனா முன்பக்க போட்டோ மட்டும் பாத்து நூத்துக்கு நூறு சொல்ல முடியாது.

சுத்தம் பண்றது. எனாமல் கெட்டி, பயப்படாம மெல்லிசா சோப்பு கலந்த தண்ணில பஞ்ச நனைச்சு துடைக்கலாம், அப்பறம் நல்ல தண்ணி, ஒடனே ஈரத்த ஒத்தி எடுத்து நிழல்ல காய வைங்க, ஓட்டையிலயும் சொத்தையிலயும் தண்ணி நிக்கக்கூடாது. பாத்திரம் தேய்க்கற பவுடர், கம்பி நாரு, புளி, ஆசிட் எதுவும் வேணாம், பளபளப்பு போனா போனதுதான். தகர போர்டுக்கு தண்ணியும் வேணாம், மெத்துனு இருக்கற பிரஷ்ல தூசிய தட்டறதோட நிறுத்திக்கங்க. சில பேர் மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் தடவுனா கலர் தெளியும்னு சொல்வாங்க, தெளியும்தான், ஒரு மாசத்துக்கு, அப்பறம் தூசி அதுல ஒட்டி கருப்பா போயிடும். இன்னொரு முக்கியமான விஷயம், பழைய மஞ்சள் செவப்பு பெயின்ட்ல ஈயம் இருக்கும். வீட்டு பெயின்ட்ல ஈயத்துக்கு 90 பிபிஎம்னு (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு போட்டதே 2017ல இருந்துதான். உப்புத்தாள் போட்டு தேய்ச்சா அந்த தூள் மூச்சுல போகும், வீட்ல சின்ன பசங்க இருந்தா இன்னும் ஆபத்து. நாங்க அந்த காலத்துல வெறும் கையோட தேய்ச்சோம், டீ குடிச்சோம், தெரியாது. நீங்க தெரிஞ்சே பண்ணாதீங்க, போர்ட தொட்டா கைய சோப்பு போட்டு கழுவுங்க. மாட்டறதா இருந்தா வெயில் நேரா படாத சுவர்ல மாட்டுங்க, வேலூர் வெயில் தெரியும்ல, செவப்புதான் முதல்ல வெளுக்கும். அடுக்கி வைக்கறதா இருந்தா படுக்க போடாம நிக்க வைங்க, நடுவுல பழைய காட்டன் துணி வைங்க. நியூஸ்பேப்பர் வேணாம், ஒட்டிக்கும்.

ரயில்வே போர்டு விஷயத்துக்கு வர்றேன், இதுல நான் ரொம்ப கண்டிப்பா சொல்வேன். நம்ம பக்கம் ரயில் சாமான் மேல ஆசை வர்றது நியாயம்தான். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயிலே 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்துல இருந்து நம்ம வாலாஜா ரோடுக்குத்தான் வந்துச்சு, அப்ப அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடுன்னு பேரு. காட்பாடில அகலப்பாதை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேன்னு ஒரு கம்பெனியோடது, எம்.எஸ்.எம்.னு சொல்வாங்க, வேலூர் கன்டோன்மென்ட் வழியா விழுப்புரம் போற மீட்டர் கேஜ் இன்னொரு கம்பெனியோடது, சவுத் இந்தியன் ரயில்வே. ரெண்டும் 1951 ஏப்ரல்லதான் ஒண்ணா சேந்து சதர்ன் ரயில்வே ஆச்சு. அந்த மீட்டர் கேஜ் அகலப்பாதையா மாறினப்போ எவ்ளோ போர்டு, எவ்ளோ தகடு எங்க போச்சோன்னு இன்னும் நினைச்சிப்பேன். இருந்தாலும் பேப்பர் இல்லாத ரயில்வே சாமான தொடாதீங்க. ரயில்வே சொத்த சட்டவிரோதமா வச்சிருக்கறதுக்குன்னே 1966ல ஒரு தனி சட்டம் இருக்கு. அது திருட்டு சாமானோன்னு நியாயமா சந்தேகம் வந்தாலே போதும், நேர்மையா எனக்கு வந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது வச்சிருக்கறவன் பொறுப்பு, முதல் தடவையே அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. ரயில்வே பழைய சாமான ஏலத்துலதான் விக்கும், இப்ப அது ஆன்லைன்லயே நடக்குது, ஏலம் எடுத்தவர்கிட்ட அதுக்கு ரசீது இருக்கும். காயலாங்கடைக்காரர்கிட்ட அந்த ரசீது நகல கேளுங்க. குடுத்தா வாங்குங்க, நகல போர்டோட சேத்து வைங்க. "அதெல்லாம் எதுக்கு சார்"னு சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. இதுல இன்னொண்ணு, ரயில்வே கம்பெனி எழுத்து பொறிச்ச பித்தளை சாமான் நெறைய இப்ப புதுசா வார்த்து பழசுன்னு விக்கறாங்க, அதுக்கு காசு குடுத்து பிரச்சினையவும் சேத்து வாங்காதீங்க.

ஒருவேளை முறையா ஏலத்துல வந்த ஸ்டேஷன் பேர் போர்டா இருந்து, இந்தி எழுத்து மேல தார் கறை இருந்தா, கையே வைக்காதீங்க. 50கள்லயும் 60கள்லயும் இந்தி எதிர்ப்புல ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் தார் பூசினாங்க, 1953ல டால்மியாபுரத்துல நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த தார் அழுக்கு கிடையாது, அந்த போர்டுலயே அதுதான் பெரிய விஷயம்.

உங்க ரெண்டு போர்டுக்கு சட்ட சிக்கல் வருமான்னு கேட்டா, தகர போர்டு தனியார் பஸ்ஸோடது, கம்பெனிக்காரங்களே பழசானதும் குடுத்துடறது அப்ப சாதாரணம், தாத்தா அங்க வேலை பாத்தவர், அதுல எனக்கு உறுத்தல் இல்ல. "பஸ் நிற்குமிடம்" ரோட்ல நின்ன போர்டு, அது முனிசிபாலிட்டியோடதா கம்பெனியோடதான்னு போர்ட பாத்து சொல்ல முடியாது. ஓரத்துலயோ பின்னாடியோ சின்னதா எழுத்து இருக்கான்னு பாருங்க. இன்னைக்கும் ரோட்ல நிக்கற போர்ட, மைல்கல்ல கழட்டிகினு வர்றது மட்டும் எந்த காரணத்துக்கும் கூடாது, அது திருட்டு, ஊர் சொத்துக்கு சேதம் பண்ணதுக்கு தனி கேஸும் வரும். நூறு வருஷம் தாண்டின பொருளுக்கு தொல்பொருள் சட்டம் வந்துடும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்களோடதுக்கு அவ்ளோ வயசு இல்ல.

விலை. இதுக்கு ரேட் கார்டு கிடையாது, ஒரே மாதிரி போர்டு ஒரு எடத்துல இரும்பு எடைக்கு போகும், இன்னொரு எடத்துல ஓட்டல் சுவர்ல மாட்டறதுக்கு பல ஆயிரத்துக்கு போகும். பொதுவா எனாமலுக்கு கேக்கறவங்க அதிகம், கையால எழுதின தகரத்துக்கு கம்மி. பெங்களூர்காரர் பெயின்ட் அடிச்சு கேக்கறதுல இருந்தே தெரியுது, அவருக்கு வேண்டியது அலங்காரம். தப்பில்ல, ஆனா அந்த தகர போர்டு போக வேண்டிய எடம் அது இல்ல. எனாமல விக்கறதா இருந்தா வித்துக்கங்க, அது அச்சு மாதிரி பல எண்ணம் செஞ்சது, இன்னொண்ணு எங்கயாவது இருக்கும். தகர போர்டு ஒண்ணே ஒண்ணுதான். அவசர பணத்தேவை இல்லன்னா அத வீட்ல வச்சிக்கங்கன்னுதான் நான் சொல்வேன். வச்சிக்க எடம் இல்லன்னா என்கிட்ட வேணும்னாலும் குடுத்து வைங்க, உங்க தாத்தா பேர எழுதியே மாட்டறேன், எப்ப கேட்டாலும் திருப்பி தர்றேன்.

எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அம்மாகிட்ட உக்காந்து கேட்டு எழுதுங்க, தாத்தா எந்த கம்பெனில, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எந்த ரூட், வண்டி நம்பர் ஞாபகம் இருக்கா, இந்த போர்டு வீட்டுக்கு எப்ப வந்துச்சு. என் எழுவது போர்டுல அம்பதுக்கு மேல எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது, எடைக்கு வாங்கினது, கேக்க ஆள் இல்ல. உங்களுக்கு கேக்க ஆள் இருக்காங்க. அவங்க சொல்றத தேதி போட்டு ஒரு பேப்பர்ல பென்சில்ல எழுதி துணி உறைல போட்டு போர்டு பின்னாடி கட்டிடுங்க, போர்டு மேல ஒட்டாதீங்க. அப்பறம் ரெண்டு போர்டோட பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, எனாமல்ல ஓட்டை கிட்டத்துல தெரியணும், தகரத்துக்கு டார்ச்ச சாய்ச்சு அடிச்சு எடுங்க. "போளூர்" இருக்கற எடத்துக்கு அடியில வேற ஒரு பேர் இருக்கற மாதிரி எனக்கு இந்த போட்டோலயே தெரியுது, முதல் எழுத்து "ச" மாதிரி இருக்கு, சந்தவாசலா இருக்குமோன்னு பாக்கணும்.